சூடு ஆறும் முன்னே

வால்பாறையில் அன்று காலை எனக்கு டீ கிடையாது. "சாம்பிள் எடுத்து முடிக்கிற வரைக்கும் வேண்டாம் அண்ணா" என்று சொல்லிவிட்டார் ஆய்வு மாணவி. காய்ந்து, வறுபட்டு, தூளான பிறகும் தேயிலையில் அந்தச் செடியின் டிஎன்ஏ மிச்சம் இருக்கும். விரலில் ஒட்டிய துளி மாதிரிக் குழாய்க்குள் போய்விட்டால், யானை தேயிலை தின்றதாக முடிவு வந்து நிற்கும். யானை தேயிலைக்குள் நடக்கும், நிற்கும், தின்னாது.

பொள்ளாச்சியிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வருவது இந்தப் பீடபூமி. சுமார் 220 சதுர கிலோமீட்டர். பெரும்பகுதி தேயிலை, கொஞ்சம் காப்பி, யூகலிப்டஸ். நடுநடுவே வெட்டாமல் விட்ட மழைக்காட்டுத் துண்டுகள், சோலைகள். சுற்றிலும் ஆனைமலையின் பெருங்காடு. ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போகும் யானைகள் இந்தச் சோலைகளில் தங்கித்தான் போகின்றன. ரேஷன் கடைச் சுவரை உடைத்து அரிசி எடுத்தால் செய்தியாகிறது. மற்ற நாட்களில் அவை இங்கே என்ன தின்கின்றன என்பது யாருக்கும் செய்தியில்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தப் பெண் மலை ஏறி வந்திருக்கிறார்.

முன்னால் நடந்தவர் காடர் சமூகத்துப் பெரியவர். யானைத் தடம் பார்க்கப் பத்து வருடத்துக்கு மேலாக ஆய்வாளர்களுக்குத் துணை போகிறவர். முந்தின இரவு எஸ்டேட் சாலையில் யானை எச்சரிக்கை விளக்கு சிவப்பாக எரிந்திருந்தது. அதை மட்டும் நம்பி அவர் சோலைக்குள் கால் வைக்கவில்லை. ஓடையோரம் நின்று காது கொடுத்தார், காற்று எந்தப் பக்கம் என்று பார்த்தார். கூட்டம் மேட்டைத் தாண்டிவிட்டது என்று அவர் தலையசைத்த பிறகுதான் எங்களுக்கு வழி.

லத்தி கிடந்த இடத்தை மூக்குதான் முதலில் சொன்னது. புளித்த வைக்கோல் போல ஒரு மணம். ஆறு உருண்டைகள். பெரியவர் புறங்கையை ஒன்றின் மேல் வைத்துப் பார்த்தார். "இன்னும் சூடு இருக்கு பாப்பா. விடியறதுக்கு முந்தி போட்டது." மழைக்காட்டில் இந்தச் சூடுதான் கடிகாரம். வெயில் பட்டால், மழை நனைத்தால் டிஎன்ஏ துண்டு துண்டாகச் சிதையும். அதற்குள் சாண வண்டுகளும் வந்துவிடும். அப்போதே இரண்டு உருண்டைகளின் அடியில் மண்ணைத் தோண்டத் தொடங்கியிருந்தன.

மாணவி புதுக் கையுறை மாட்டி, உருண்டை ஒன்றைப் பிளந்தார். மேல்தோலை எடுக்கவில்லை. அங்கே குடலிலிருந்து உரிந்த யானையின் சொந்தச் செல்கள் இருக்கும். எந்த யானை என்று கேட்பவருக்கு அது வேண்டும். என்ன தின்றது என்று கேட்பவருக்கு நடுப்பகுதிதான் வேண்டும். தரையில் பட்ட பக்கத்தைத் தொடவே கூடாது, உதிர்ந்த இலையின் டிஎன்ஏ ஏறியிருக்கும். மூன்று உருண்டைகளின் உள்ளிருந்து நெல்லிக்காய் அளவு நார் எடுத்து, சிலிக்கா ஜெல் போட்ட குழாயில் வைத்தார். நீல மணிகள் ஈரத்தை உறிஞ்ச உறிஞ்ச இளஞ்சிவப்பாக மாறின. உடனே வேறு மணி மாற்றினார். சீட்டை எழுதியது பென்சிலால். குழாயில் ஆல்கஹால் பட்டால் பேனா மை அழிந்துவிடும், பென்சில் நிற்கும்.

அந்த நாரைக் கையில் வாங்கிப் பார்த்தேன். ஏதோ ஒரு பட்டையின் இழை, ஒரு முழு விதை, மீதி எல்லாம் பச்சைக்கும் பழுப்புக்கும் நடுவிலான கூழ். விதையைப் பெரியவர் பார்த்த மாத்திரத்தில் மரம் சொன்னார். கூழுக்கு அவரிடமும் பதில் இல்லை.

அந்தக் கூழை வாசிக்க முன்பும் வழிகள் இருந்தன. இலைத்தோலின் துணுக்குகளை நுண்ணோக்கியில் வைத்து, செல் வடிவம் பார்த்து அடையாளம் சொல்வார்கள். கண் வலிக்கும் வேலை. ஆய்வாளர் ராமன் சுகுமார் 1980களில் யானை எலும்பிலுள்ள கார்பன் ஐசோடோப்பை அளந்து, புல் எவ்வளவு, தழை எவ்வளவு என்று பிரித்துக் காட்டினார். புல்லும் மரமும் கலந்த காட்டில் அது அருமையான முறை. மழைக்காட்டுக்குள் அது கைகொடுக்காது; மரம், கொடி, மூங்கில் எல்லாம் ஒரே விதமான ஒளிச்சேர்க்கை செய்பவை, எல்லாம் ஒரே கணக்கில் போய்விடும்.

பிரான்சின் பியர் தபெர்லேயும் உடனிருந்தவர்களும் 2007இல் காட்டிய வழி வேறு. இலையின் பசுங்கணிகத்துக்கும் தனி டிஎன்ஏ உண்டு. அதில் டிஆர்என்எல் என்ற இடத்தில் பி6 எனும் மிகச் சிறு துண்டு. 10 முதல் 143 எழுத்துகள்தான். சிறியது என்பதால் வயிற்றைத் தாண்டியும் தப்பிக்கிறது. அதன் இரு ஓரமும் பெரும்பாலான செடிகளில் ஒன்றுபோல இருக்கும், நடுப்பகுதி செடிக்குச் செடி மாறும். ஓரத்தைப் பிடித்துப் பிசிஆரில் பெருக்கி, நடுவை வாசித்தால் தின்ற செடிகளின் வரிசை வரும். கென்யாவின் எம்பாலாவில் ஏழு பெரிய தாவர உண்ணிகளை இப்படி ஆராய்ந்து 2015இல் வெளியிட்டார்கள். ஒரே புல்வெளியில் மேய்பவை என்று நாம் நினைத்த விலங்குகள், வெவ்வேறு புல்லினங்களைத் தேர்ந்து தின்றன. மழைக்காட்டில் நேரில் பார்க்கவே கிடைக்காத தபீர் என்ற விலங்கு என்ன தின்கிறது என்று பிரெஞ்சு கயானாவில் இதே முறையில் தேடிய கட்டுரை 2013இல் வந்தது. கழிவிலிருந்த விதைகளையும் அவர்கள் விட்டுவிடவில்லை. அது சரியான முடிவு என்றே எனக்குப் படுகிறது. பழச்சதையில் பசுங்கணிகம் குறைவு. பழத்தை விதைதான் காட்டிக்கொடுக்கும்.

சில வாரம் கழித்து, அந்தக் குழாய்கள் போய்ச் சேர்ந்த ஆய்வகத்துக்கும் போனேன். ஊர் பெயரும் ஆய்வகப் பெயரும் வேண்டாம். அங்கே வேலை செய்யும் அக்கா ஒப்பந்த ஊழியர். ஒரு தட்டுக்கு 96 குழிகள். ஒவ்வொன்றிலும் மைக்ரோலிட்டர் கணக்கில் சொட்டு விட வேண்டும். வலது கட்டைவிரல் மூட்டில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார். "பிப்பெட் அமுக்கி அமுக்கி வந்த வலி சார். ராத்திரியில மரத்துப் போகும்." இலையின் டானின் பிசிஆரை முடக்கிவிடும் என்பதால் முதலில் அதைக் கழுவி எடுக்க வேண்டும். பிசிஆருக்கு முந்தைய வேலை ஓர் அறை, பிந்தைய வேலை வேறு அறை. பிந்தைய அறைக்குப் போனவர் அன்று முன்னறைக்குத் திரும்பக் கூடாது.

ஒவ்வொரு தொகுப்பிலும் மாதிரியே போடாத வெற்றுக் குழாய் ஒன்று கூடவே போகும். அது கடைசிவரை வெற்றாக இருக்க வேண்டும். நான் போன அன்று, பிசிஆர் முடிவைப் பார்க்கும் ஜெல்லில் அந்த இடத்தில் மங்கலாக ஒரு கோடு தெரிந்தது. அக்கா நெடுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். யாருடைய சாப்பாட்டு அரிசியோ, காற்றில் வந்த மகரந்தமோ. "இதை அனுப்பினா யாருக்கும் தெரியாது. ஆனா எனக்குத் தெரியும்ல" என்று சொல்லி, தட்டு முழுவதையும் குப்பையில் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். பத்து நாள் வேலை அது. கட்டுரை வெளியாகும்போது இவர் பெயர் நன்றியுரையில் ஒரு வரியாக வரும், சில சமயம் அதுவும் வராது. ஆசிரியர் பட்டியலில் வரவேண்டிய பெயர் இது. வெற்றுக் குழாய் வெற்றாக இருப்பதில்தான் மொத்த முடிவும் நிற்கிறது.

டிஎன்ஏவை வாசிக்கும் கருவி தருவது எழுத்து வரிசை மட்டும். எந்தச் செடி என்று சொல்ல, பெயர் தெரிந்த இலையிலிருந்து எடுத்த வரிசை கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் குடும்பத்தோடு, மிஞ்சினால் பேரினத்தோடு நிற்கும். நெருங்கிய உறவுச் செடிகள் பலவற்றுக்கு பி6 ஒன்றாகவே இருப்பதும் உண்டு.

அதனால் மாணவி மறுபடி வால்பாறைக்கு வந்தார், நானும் ஒட்டிக்கொண்டேன். அந்தக் குழாய்களிலிருந்து வந்த செடிப் பட்டியலை அவர் கைபேசியில் வாசிக்க வாசிக்கப் பெரியவர் ஒவ்வொன்றாகத் தலையாட்டிக்கொண்டே வந்தார். முடிந்ததும், "அந்தக் கொடி எங்கே பாப்பா?" என்றார். தன் மொழியில் ஒரு பெயர் சொன்னார். மழைக்குப் பிறகு யானை அதை இழுத்து இழுத்துத் தின்னும் என்றார். பெயரற்ற வரிசைகள் ஐந்தாறு பட்டியலின் கடைசியில் கிடந்தன. அதில் ஒன்று அதுவாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

சோலை ஓரத்தில் கொடியைக் காட்டினார். துரட்டிக் கம்பால் ஒரு கிளையை வளைத்து இழுத்து, நான்கு இலையோடு ஒடித்தார். மாணவி இலைத் துண்டை நீல மணிகளுக்குள் போட்டு, மீதியைப் பழைய செய்தித்தாளில் பரப்பினார். பெரியவர் சொன்ன பெயரை, இரண்டு முறை திருப்பிச் சொல்லச் சொல்லி, கேட்டபடியே எழுதிக்கொண்டார். ஆனால் பூ இல்லாமல் தாவரவியலாளர் இனம் உறுதி செய்யமாட்டார்.

"எப்போ பூக்கும்ணா?"

"மாசி கழியணும்."

மாணவி நோட்டில் மாசி என்று எழுதி, அடியில் கோடு போட்டார்.