சிவப்பு மை

கிருஷ்ணகிரியில் இருபது ஆண்டு பாடம் நடத்தியபின் ஒரு புத்தொளிப் பயிற்சிக்குப் போனேன். வரலாறும் ஆங்கிலமும் சேர்ந்த வகுப்பு. அடிமையாகப் பிறந்த சோஜர்னர் ட்ரூத், 1851இல் அமெரிக்காவின் ஆக்ரன் பெண்ணுரிமை மாநாட்டில் பேசியதை எடுத்துக்கொண்டார்கள்.

தானும் பெண்ணில்லையா என்று அவர் கேட்டதாக நாம் படித்த கேள்வி, அந்த ஆண்டே செய்தித்தாளில் வந்த பதிவில் இல்லை. 1863இல் பிரான்சிஸ் கேஜ் என்ற வெள்ளைப் பெண்மணி எழுதிய வடிவத்தில்தான் இருக்கிறது, தெற்கு மாநிலக் கொச்சையோடு. ட்ரூத் வடக்கே நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். முதலில் பேசிய மொழி டச்சு.

ஓசூர் மாணவி ஒருத்தியின் கட்டுரை நினைவுக்கு வந்தது. ஷிப்ட் முடிந்து வரும் அம்மாவின் பேச்சைத் தெலுங்கு கலந்தே எழுதியிருந்தாள். நான் சிவப்பு மையால் அதை நல்ல தமிழாக்கி, மதிப்பெண்ணும் குறைத்தேன். "எங்கம்மா இப்படிப் பேசமாட்டாங்க மேடம்" என்றாள்.

கேஜும் நல்லெண்ணத்தோடுதான் எழுதியிருப்பார்.

திரும்பி வந்து அந்தத் தாளைக் கேட்டேன்.

"கிழிச்சுட்டேன் மேடம்."