நான் சொல்லாமல் விட்டது

பசறைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் குடும்பநல உத்தியோகத்தராக இருந்தேன். மூன்றாவது பிள்ளை வயிற்றிலிருக்கும் பெண்களிடம் பேசி, பிரசவத்தோடு எல்.ஆர்.டி. என்னும் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துகொள்ளச் சம்மதம் வாங்குவதும் என் வேலை. அதைத் திறமையாகவே செய்தேன். இன்று வெட்கப்படுவது அந்தத் திறமையை நினைத்துத்தான்.

யாரையும் மிரட்டவில்லை. ஆனால் கருப்பையில் வைக்கும் லூப் பல ஆண்டுகள் தாங்கும், வேண்டாமென்றால் எடுத்துவிடலாம் என்று ஒரு தாய்க்கும் விளக்கவில்லை. மூன்று மாதத்துக்கொருமுறை போடும் ஊசியையும் குளிசையையும் பெயருக்குச் சொல்லிக் கடந்துவிடுவேன். கொழுந்து பறிக்கிறவளுக்குத் தேதி நினைவிருக்காது என்று நானே தீர்மானித்திருந்தேன். விடிவதற்குள் பிள்ளைகளைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு நேரம் தவறாமல் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு வந்து நிற்கிறவர்களைப் பற்றி அப்படி நினைத்தேன்.

கணவன்மாரிடம் பேசவேயில்லை. ஆணுக்கான சத்திரசிகிச்சையில் வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. மரத்துப்போக ஊசி போட்டுச் சிறிது நேரத்தில் முடித்துவிடுவார்கள். மூன்று மாதம் வேறு பாதுகாப்போடு இருந்து பரிசோதித்துக்கொண்டால் போதும். "கவ்வாத்து வெட்டுற ஆம்பளைக்குப் பலம் போயிரும்" என்று லயத்தில் சொல்வார்கள். அது தவறென்று எனக்குத் தெரியும். மறுத்தால் வாக்குவாதம் வரும் என்று பெண்களிடமே போனேன். அவர்களும் அதே மலையில்தான் கூடை சுமந்து ஏறினார்கள்.

1980களில் சத்திரசிகிச்சைக்கு அரசு 500 ரூபாய் கொடுத்தது. நாட்சம்பளக் குடும்பத்துக்கு அது பெரிய காசு. பேச்சை நான் அந்தக் காசிலிருந்துதான் தொடங்குவேன்.

எங்கள் ஆட்களைக் குறைக்கப் பார்க்கிறார்கள் என்று தோட்டத்து இளைஞர்கள் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. 1948இல் குடியுரிமை பறிபோய், 1964 இலங்கை-இந்திய ஒப்பந்தத்தால் உறவுகள் இந்தியாவுக்குக் கப்பலேறிப் பிரிந்த மலையகத் தமிழ்ச் சனத்துக்கு அந்தப் பயம் வராதா என்று யோசிக்கவில்லை. தோட்டப் பெண்களின் கருத்தடை பற்றி ஆய்வாளர் சசிகுமார் பாலசுந்தரம் 2011இல் எழுதிய ஆய்வைப் பற்றி அறிந்தபோது, அந்தப் பெண்களுக்கு நடந்ததில் என்னைப் போன்றவர்களுக்கும் பங்குண்டு என்று உணர்ந்தேன்.

குடும்பத் திட்டமிடலை நான் இன்றும் விடமாட்டேன். அடுத்தடுத்த பேறுகளால் இரத்தம் வற்றி, "போதும் மிஸ்" என்று கெஞ்சிய பெண்களைப் பார்த்திருக்கிறேன். எத்தனை பிள்ளை, எப்போது, எந்த முறை என்பதைத் தீர்மானிக்க வேண்டியவள் அவள். அந்தத் தீர்மானத்தை நான் எடுத்துக்கொண்டேன்.

நான் எல்.ஆர்.டி.க்குச் சம்மதம் வாங்கிய ஒருத்தியின் கடைசிப் பையன் காய்ச்சலில் இறந்துபோனான். சில மாதம் கழித்து டிஸ்பென்சரிக்கு வந்தாள். "மறுபடி தொறந்துவிடச் சொல்லுங்க மிஸ்" என்றாள். அது நிரந்தரமானது, மாற்றுவது மிகக் கடினம் என்று கையெழுத்து வாங்கும்போது நான் சொல்லியிருக்கவில்லை. அப்போதும் சொல்லவில்லை. பெரியாஸ்பத்திரி டொக்டரிடம் கேட்டுப்பார்க்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். கேட்கவில்லை. என்ன சொல்லி அவளிடம் சம்மதம் வாங்கினாய் என்று அவர் என்னைத் திருப்பிக் கேட்டுவிடுவாரோ என்று பயந்தேன்.