திருக்கை வளர்த்த கதை

கடலைக் காண வேண்டுமாயின், புசல்லாவை வாசிகளாகிய நாம் கம்பளைக்கு இறங்கி, அங்கிருந்து கொழும்பு வரை நெடும்பயணஞ் செய்தாக வேண்டும். அத்தகைய மலையூரில், எமது வீட்டு முன்கூடத்தில், ஒரு திருக்கை மீன் சில மாத காலம் வாழ்ந்தது என்றால் நேயர்கள் நகைக்கக் கூடும்.

அது கடல் திருக்கையன்று; தென் அமெரிக்காவின் நன்னீர் ஆறுகளில் வாழும் மொட்டோரோ என்னும் இனம். 2021ஆம் ஆண்டின் இறுதியில், எமது புதல்வன் தன் சேமிப்புப் பணத்துடன் கொழும்பு சென்று, உள்ளங்கையளவான குஞ்சொன்றை வாங்கி வந்தான். மூன்றடித் தொட்டி போதுமென்று கடைக்காரர் கூறினாராம். கல்லூரியிலே பிறருக்குப் பாடஞ் சொல்லும் நாமும், ஒரு நூலைத்தானும் புரட்டிப் பாராமல் அதனை நம்பினோம். அதுவே முதற்பிழை.

பின்னரே படித்தறிந்தோம். அவ்வுள்ளங்கை வளர்ந்து அரை மீற்றர் அகலமான தட்டாகிவிடும். திரும்பிப் படுப்பதற்கு அதற்குத் தொட்டியின் உயரம் உதவாது, அகலமே வேண்டும். ஆறடி நீளமும் மூன்றடி அகலமுங்கூட வளர்ந்த திருக்கைக்கு நெருக்கமே. அடியிலே கூரிய கற்களின்றி மென்மணல் பரப்ப வேண்டும். ஏனெனில் அது மணலுள் புதைந்து, கண்களின் பின்னுள்ள துவாரங்களால் நீரை உள்ளிழுத்துச் சுவாசிக்கும் பிராணி. அமோனியாவும் நைத்திரைற்றும் சிறிதளவு மிகுந்தாலும் நோயுறும். மற்றைய மீன்களுக்கு இடும் செம்பு கலந்த மருந்தோ இதற்கு நஞ்சாகும்.

எமதூரின் குளிர் இன்னொரு சங்கடம். அதற்கு 25 பாகை செல்சியசுக்குக் குறையாத வெந்நீர் வேண்டும். வெப்பமூட்டியை நீரில் இட்டாலோ, அது அதன்மீதே படுத்து வயிற்றைச் சுட்டுக்கொள்ளும். ஆகையால் வெப்பமூட்டிக்குத் துளையிட்ட உறை பூட்டினோம்.

வாலிலுள்ள முள்ளைப் பற்றியும் கூறவேண்டும். பற்கள் போன்ற விளிம்பும் நஞ்சும் உடைய அம்முள், விழுந்தாலும் மீண்டும் முளைக்கும். 2006ஆம் ஆண்டிலே அவுஸ்திரேலியாவின் ஸ்டீவ் இர்வின் கடல் திருக்கையொன்றின் முள் மார்பிற் பாய்ந்து மாண்டதை நேயர்கள் அறிவர். ஆயினும் அச்சமுறாத திருக்கை எவரையும் தேடி வந்து குத்துவதில்லை. தொட்டியுள் கைவைக்கு முன் அது எங்கே கிடக்கிறதெனப் பார்த்துக்கொள்வதும், இடுக்கியால் உணவூட்டுவதும், வலையால் அள்ளாமல் பாத்திரத்தில் நீருடன் ஏந்துவதும் எமது வீட்டுச் சட்டங்களாயின. குத்திவிட்டால், பொறுக்கக்கூடிய சூட்டிலுள்ள வெந்நீரில் அவ்விடத்தை அமிழ்த்தி, தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். நல்ல வேளை, அதற்கு அவசியம் நேரவில்லை.

2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்றது. எரிவாயுவும் கிடையாது. வடிகட்டி ஓயவே, மின்கலத்தால் இயங்கும் காற்றுப்பம்பியைக் கொண்டு மூச்சுக் கொடுத்தோம். விறகடுப்பில் நீர் காய்ச்சிப் போத்தல்களில் அடைத்து மிதக்கவிட்டோம். தந்தையும் மகனும் முறைவைத்து விழித்திருந்தோம். ஒரு நாள் பால்மா வரிசையினின்று வெறுங்கையுடன் மீண்ட எம் மனைவியார், "பிள்ளைகளுக்குப் பாலில்லை, உங்கள் மீனுக்கு மட்டும் இறாலா?" என்று கேட்டுவிட்டார். நாம் வாய் திறக்கவில்லை. மறுநாள் முதல் மகன் தோட்டத்திலே மண்புழு தோண்டலானான்.

அவனே ஓரிரவு, "அப்பா, கொத்மலை நீர்த்தேக்கத்தில் விட்டுவிட்டால் என்ன? சுதந்திரமாக வாழுமே" என்றான். இரக்கத்தினாற் பிறந்த சொல்லே; ஆயினும் நாம் இசையவில்லை. சிங்கப்பூரின் நீர்த்தேக்கமொன்றில் இவ்வினமே குடியேறிப் பெருகியுள்ளது. 1841இலே எமதூர் ரொத்சைல்ட் தோட்டத்திற்குச் சீனத்திலிருந்து வந்த தேயிலைச் செடியை அவனுக்கு நினைவூட்டினோம். அன்னிய விதையொன்று ஒரு மலைநாட்டின் முகத்தையே மாற்றவல்லது. அன்னிய மீனொன்று என்ன செய்யுமென்று யார் கண்டார்? நீரில் இறங்கி வலைவீசும் ஏழையின் காலில் அம்முள் தைத்தால் அப்பழி எம்மையே சாரும்.

முடிவில், கொழும்பிலே பெருந்தொட்டியும் மின்பிறப்பாக்கியும் வைத்திருக்கும் அன்பர் ஒருவர் ஏற்றுக்கொண்டார். ஒட்சிசன் நிரப்பிய பையில் அதை இட்டு வழியனுப்பிய அன்று, மகன் பேசவேயில்லை. அவன் மீது எமக்கு அன்றுபோல் மதிப்பு என்றும் உண்டானதில்லை.

இன்று அத்தொட்டியில் கப்பிக் குஞ்சுகள் துள்ளுகின்றன. வளர்ப்புப் பிராணி வாங்க விழையும் பெற்றோருக்கு நாம் கூறுவது ஒன்றே. குஞ்சின் விலையைக் கேட்குமுன், அது வளர்ந்தபின் எவ்வளவு பெரிதாகும் என்று கேளுங்கள். மின்சாரம் இல்லாத இரவில் அதனை யார் காப்பார் என்றுங் கேளுங்கள்.