கல் ஆடுகிறதா

சனிக்கிழமை காலை காப்பி போட்டுக்கொண்டிருந்தபோது கீழ்வீட்டு அம்மையார் மாடியேறி வந்து கதவைத் தட்டினார். 84 வயது. மூச்சு வாங்கியது. கையில் ஒரு கடிதம். எழுத்து பொடியாக இருக்கிறது, கண்ணாடி போட்டாலும் தெரியவில்லை, படித்துச் சொல்லுங்கள் என்றார். நான் இருக்கும் இந்த ரைன் ஆற்றங்கரைச் சிற்றூரின் கல்லறை நிர்வாகம் அனுப்பியது. பிரிவு 7, வரிசை 12, இடம் 4. இருபது ஆண்டு உரிமைக்காலம் வருகிற ஜூன் மாதத்தோடு முடிகிறது. பணம் கட்டிப் புதுப்பிக்கலாம். வேண்டாமென்றால் கல்லையும் செடிகளையும் சொந்தச் செலவில் அகற்றிவிட்டு இடத்தை ஒப்படைக்க வேண்டும். கடிதம் முழுக்கத் தேடினேன், அவருடைய கணவர் பெயர் ஓர் இடத்தில்கூட இல்லை.

அவர் அழவில்லை. பத்து வருடத்துக்குக் கட்டுகிறேன், அதற்குள் நானும் அங்கே போய்விடுவேன் என்று மட்டும் சொன்னார். எனக்குத்தான் காப்பி இறங்கவில்லை.

மத்தியானம் அவரோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். வாளியில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தேன். துணியை நனைத்துப் பிழிந்து, கல்லில் வெட்டியிருந்த எழுத்துகளின் பள்ளத்தில் விரலை விட்டு ஒவ்வொன்றாகத் துடைத்தார். அடுத்த கல்லில் ஒரு மஞ்சள் காகிதம் ஒட்டியிருந்தது. கல் ஆடுகிறது, உரியவர்கள் உடனே நிர்வாகத்தைத் தொடர்பு கொள்ளவும் என்று அச்சடித்திருந்தது. காகிதம் வெயிலில் வெளுத்திருந்தது. உரியவர் யாரும் வரவில்லை போலும்.

இந்த நாட்டுச் சட்டத்தைக் கொஞ்சம் விரித்துச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். ஜெர்மனியில் கல்லறை இடத்தை யாரும் விலைக்கு வாங்க முடியாது. குத்தகைதான். எத்தனை ஆண்டு என்பதை அந்தந்த ஊர் மண்ணின் தன்மையைப் பார்த்து முடிவு செய்கிறது. பெரும்பாலும் 15 முதல் 30 ஆண்டு. இதற்கு ஓய்வுக்காலம் என்று பெயர். வரிசைக் கல்லறை என்று மலிவான ஒரு வகை உண்டு, அதைப் புதுப்பிக்கவே முடியாது, காலம் முடிந்தால் முடிந்ததுதான். குடும்பம் தேர்ந்தெடுத்துக் குத்தகைக்கு எடுக்கும் இடத்தை மட்டும் மறுபடி மறுபடி பணம் கட்டி நீட்டிக்கலாம். இருக்கும் காலம் முழுக்க அதைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். களை மண்டினால் கடிதம் வரும். குளிர்காலம் போய் மண் இளகியதும், ஆண்டுக்கு ஒரு முறை ஆள் வந்து ஒவ்வொரு கல்லையும் தள்ளிப் பார்ப்பார். உறைபனியில் அடித்தளம் தளர்ந்து கல் சாய்ந்து யார் மீதாவது விழுந்துவிடக் கூடாதே என்ற எச்சரிக்கை. ஆடினால் மஞ்சள் காகிதம். எரித்தவர்களுக்கும் விடுதலை இருந்ததில்லை. அஸ்தியை வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது, விருப்பப்பட்ட ஆற்றில் கரைக்கக் கூடாது, கல்லறைத் தோட்டத்தில்தான் புதைக்க வேண்டும் என்பதுதான் இந்த நாட்டில் நெடுங்காலம் இருந்த வழக்கம். பிரேமன் மாநிலம் 2015இல் கொஞ்சம் தளர்த்தியது. குத்தகை முடிந்தால் எலும்பு மண்ணுக்குள் இருக்கும், மேலே இருப்பது போகும். பல ஊர்களில் அந்தக் கல்லை உடைத்துச் சாலைக்கு ஜல்லியாக்குகிறார்கள்.

பெரிய மனிதர்களுக்காவது சலுகை உண்டா என்று தேடினேன். பெர்லினில் எழுத்தாளர், கலைஞர், அறிஞர் என்று சிறப்புப் பெற்றவர்களுக்கு மரியாதைக் கல்லறை என்று ஒன்று தருகிறார்கள். நகரமே செலவு செய்து பராமரிக்கும். அதற்கும் 20 ஆண்டுதான். அது முடிந்ததும், இவருடைய நினைவு மக்களிடையே இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்து, இருக்கிறது என்று தோன்றினால் நீட்டிப்பார்கள். இல்லையென்றால் மரியாதையை எடுத்துவிடுவார்கள்.

இதைப் படித்ததும் நெஞ்சில் முள் தைத்தது போலிருந்தது. நினைவு உயிரோடு இருக்கிறதா என்று ஓர் அலுவலகத்தில் கோப்பைப் பிரித்துப் பார்ப்பார்களா? கல்லைத் தள்ளிப் பார்ப்பது போல ஒரு மனிதரையும் தள்ளிப் பார்ப்பார்களா? திண்டிவனம் பக்கத்து எங்கள் ஊரில் செத்தவருக்கு யாரும் காலக்கெடு வைத்ததில்லை. மாசி அமாவாசைக்கு மேல்மலையனூரில் மயானக்கொள்ளை என்றால், திண்டிவனத்தைச் சுற்றியுள்ள ஊர்களிலும் சுடுகாட்டுப் பாதை முழுக்க சனம். அம்மா முறத்தில் கொழுக்கட்டை, சுண்டல், அவித்த மல்லாட்டை எல்லாம் எடுத்துக்கொண்டு போய் அப்பா இருக்கும் இடத்தில் படைப்பாள். பக்கத்து மேட்டில் ஒருவர் தன் அப்பனுக்கு பீடிக்கட்டும் தீப்பெட்டியும் வைத்துக்கொண்டிருப்பார். யாரும் கல் நட்டதில்லை. மேடு கரைந்து தரையோடு தரையாகப் போனாலும் இடம் தெரியும். அப்பாவின் கருமாதி இரவு விடிய விடிய கர்ணமோட்சம் கூத்து நடந்தது. கர்ணன் விழும் இடத்தில் தெருவே அழுதது. தெருவில் பாதிப் பேருக்கு அப்பாவோடு பேச்சுவார்த்தைகூட இல்லை. இங்கே வந்து பதினான்கு ஆண்டாகிறது, எந்தச் சாவு வீட்டிலும் ஒரு பெருங்குரல் கேட்டதில்லை.

இந்த நினைப்பு இந்த வாரம் என்னை இவ்வளவு உலுக்கியதற்குக் காரணம் உண்டு. மார்ச் முதல் தேதி கடந்து பத்து நாள்கூட ஆகவில்லை. 2024ஆம் ஆண்டு அந்தத் தேதியில்தான் எழுத்தாளர் மயிலம் இராசேந்திர சோழன் போனார். அவருக்கு வயது 78.

பெயரைச் சொன்னால் விழுப்புரம் மாவட்டத்திலேயே பலருக்கு யார் என்று தெரியாது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் பேருந்து கூட்டேரிப்பட்டில் நிற்கும். அங்கே உள்ளே திரும்பினால் மயிலம். பள்ளிச் சுற்றுலா போனபோது எங்கள் தமிழய்யா ஜன்னல் வழியாகக் கை நீட்டிக் காட்டினார். முருகன் கோயில் மலையைக் காட்டுகிறார் என்று நினைத்தோம். அந்த ஊரில் ஒரு வாத்தியார் இருக்கிறார், நாம் பேசுவதை அப்படியே கதையாக எழுதுவார் என்றார். நாம் பேசுவதையா? எங்களுக்கு நம்பிக்கையே வரவில்லை. மதுரைக்காரர்கள், கோவைக்காரர்கள், நெல்லைக்காரர்கள் பேசுவதுதான் சினிமாவில் வரும், கதையில் வரும். எங்கள் பேச்சைக் கேட்டால் மெட்ராசில் சிரிப்பார்கள், புதுச்சேரியில் முகம் சுளிப்பார்கள். மணிலாக் கொட்டையை மல்லாட்டை என்று சொன்னதற்காகவே கல்லூரி விடுதியில் என்னை ஆறு மாதம் கேலி செய்தார்கள்.

பிறகு அவர் கதைகளைப் படித்தேன். 'எங்கள் தெருவில் ஒரு கதாபாத்திரம்', 'புற்றில் உறையும் பாம்புகள்' என்று ஒவ்வொன்றாக. இரண்டாவது கதையில் ஒருத்தி எதிர்வீட்டு வாலிபனைப் பற்றி ஓயாமல் புருஷனிடம் குறை சொல்லிக்கொண்டே இருப்பாள். அவன் அப்படிப் பார்க்கிறான், இப்படி நிற்கிறான் என்று பொரிந்து தள்ளுவாள். ஆசிரியர் குறுக்கே வந்து ஒரு வார்த்தை விளக்க மாட்டார். அவள் திட்டத் திட்ட, அவள் மனதுக்குள் இருப்பது நமக்குத் தானாகத் தெரிந்துவிடும். கணவன் மனைவிக்கு நடுவில் இருட்டில் கிடப்பதைத் தமிழில் இவ்வளவு துணிச்சலாகத் தொட்டவர்கள் குறைவு. அதிலும் படித்தவர் வீட்டுக் கூடத்தில் வைத்துத் தொடாமல், களத்துமேட்டிலும் கூரை வீட்டுத் திண்ணையிலும் வைத்துத் தொட்டவர் அவர். 'செம்மலர்' போன்ற ஏடுகளில் எழுதினார். இடதுசாரி இயக்கத்தில் உழைத்தார். பிறகு தமிழ்த்தேசிய அரசியலுக்கு வந்தார். 'மண்மொழி' என்று ஒரு பத்திரிகை நடத்தினார். கட்சிக்காரர் என்பதற்காகக் கதையில் யாருக்கும் புண்ணியவான் வேடம் போட்டுவிடவில்லை. ஏழை என்றால் நல்லவன் என்று எழுதாத முற்போக்கு எழுத்தாளர். அதனாலேயே இரு பக்கத்திலும் அவரைக் கொண்டாட ஆள் குறைந்தது என்பது என் எண்ணம்.

அஸ்வகோஷ் என்ற புனைபெயரிலும் எழுதினார். புத்தரின் வாழ்க்கையைக் காவியமாக்கிய பழைய கவிஞரின் பெயர் அது. 1970களின் கடைசியில் காந்திகிராமத்தில் நடந்த நாடகப் பயிற்சிப் பட்டறைக்குப் போய் வந்து, தெருவில் போடும் நாடகங்களை எழுதினார். 'அரங்க ஆட்டம்' என்று நாடகக் கலையைப் பற்றியே தனியாக ஒரு நூல் எழுதினார். விடிய விடியக் கூத்து பார்த்து வளர்ந்த மண்ணில் இதற்கு எவ்வளவு மரியாதை கிடைத்திருக்க வேண்டும்!

எங்கள் மாவட்டத்தில் மரியாதை அரசியலில் இருந்தவர்களுக்குத்தான் கிடைக்கிறது. அவர் போன அடுத்த மாதம், ஏப்ரல் 6ஆம் தேதி, விக்கிரவாண்டி சட்டமன்ற உறுப்பினர் நா. புகழேந்தி காலமானார். மக்களவைத் தேர்தல் பிரசாரம் உச்சத்தில் இருந்த நேரம். அதே தொகுதியின் உறுப்பினர் கு. ராதாமணி 2019 ஜூனில் இறந்து, அந்த அக்டோபரில் இடைத்தேர்தல் நடந்தது. மறுபடியும் 2024 ஜூலை 10ஆம் தேதி இடைத்தேர்தல். ஐந்தாண்டுக்குள் இரண்டு உறுப்பினர்களைப் பறிகொடுத்த தொகுதி அது. அவர்களுக்குக் கிடைத்த மரியாதையைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு கல்யாணம் காட்சிக்கு வந்து நின்றவர்களுக்குச் சனம் திரண்டு வருவது கடமை. ஓமந்தூரார் 1970இல் மறைந்தார். நாடு விடுதலை பெற்றபோது சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்த அந்தத் திண்டிவனம் பக்கத்து விவசாயியின் பெயரை இன்றைக்கும் சென்னையில் அரசு மருத்துவமனை தாங்கி நிற்கிறது. 1969இல் மறைந்த அரசியல் தலைவர் ஆ. கோவிந்தசாமியின் பெயரில் திண்டிவனத்தில் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. 2025 ஜனவரியில் விழுப்புரத்தில் அவருக்கு நினைவரங்கமும் திறந்தார்கள். மகிழ்ச்சி. அரசியலில் இருந்தவர்களை எங்கள் மாவட்டம் மறக்காது.

எழுதியவர்களை? கி.ரா. என்ற கி. ராஜநாராயணன் புதுச்சேரியில் 2021 மே மாதம் மறைந்தபோது அரசு மரியாதையோடு அவருடைய ஊரான இடைசெவலுக்குக் கொண்டுபோனார்கள். ஊரடங்கு நாள். நான் இங்கே ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து கைப்பேசியில் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதற்கு முன் 2018 டிசம்பரில் பிரபஞ்சன் போனபோது புதுச்சேரி அரசு மரியாதை செய்தது. பார்க்கப் பெருமையாக இருந்தது. புதுச்சேரியிலிருந்து ஒரு மணி நேரப் பயணத் தூரத்தில் இருக்கும் மயிலத்துக்கு இப்படி ஒரு நாள் வர வேண்டும் என்று அப்போதே ஆசைப்பட்டேன். அரசு மரியாதை, துப்பாக்கிக் குண்டு முழக்கம் எல்லாம் வேண்டாம். திண்டிவனத்தில் படிக்கும் ஒரு பிள்ளைக்கு, தான் வீட்டில் பேசும் பேச்சில் இலக்கியம் எழுதிய ஒருவர் இருந்தார் என்று பத்தாம் வகுப்புக்குள் தெரிந்தால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை இரவு ஊருக்குப் பேசினேன். அக்கா பையன் எடுத்தான். பன்னிரண்டாம் வகுப்பு, பரீட்சை நேரம். என் பழைய பீரோவில் இரண்டாவது தட்டில் தமிழினி வெளியிட்ட இராசேந்திர சோழன் கதைப் புத்தகம் இருக்கும், எடுத்து ஒரு கதை படி என்றேன்.

"பரீட்ச இருக்குது மாமா" என்றான்.

"ஒரே ஒரு கதைடா. கால் மணி நேரம்."

பீரோ கதவு கிறீச்சிடுவது கேட்டது. புத்தகத்தைத் தட்டித் தூசி போக்கினான். ஒலிபெருக்கியில் போட்டுவிட்டுப் படிக்க ஆரம்பித்தான். முதல் பத்தியை வகுப்பில் வாசிப்பது போல விறைப்பாகப் படித்தான். கதையில் வரும் பெண் பேச ஆரம்பித்ததும் குரல் மாறிவிட்டது. அவனை யாரும் பழக்கவில்லை. எங்கே நிறுத்துவது, எங்கே இழுப்பது, எங்கே மூக்கைச் சுளித்துச் சொல்வது எல்லாம் அவனுக்குத் தானாக வந்தது. அவன் அம்மாவும் ஆயாவும் தினமும் பேசுவதுதானே. நான் கண்ணை மூடிக்கொண்டேன். தெருக்கோடியில் போகிற மாட்டின் கழுத்து மணிகூடக் கேட்டது.

பாதிக் கதையில் சமையற்கட்டிலிருந்து அம்மாவின் குரல். பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

"யாரப் பத்திடா பேசிக்கினு கீறீங்க? எந்தத் தெரு பொம்பள அவ?"

"கத ஆயா, கத படிக்கிறேன்" என்றான் பையன்.

அம்மா நம்பவில்லை. கிட்டே வந்து உட்காரும் சத்தம் கேட்டது.

"செத்த இரு, மொதல்லேர்ந்து சொல்லு" என்றாள்.