மாமாவோட இடுப்பும் பிக்கப்போட பட்டையும்

மாமாவுக்கு இடுப்பு வலின்னு ரெண்டு தடவை மாத்திரை எழுதிக் கொடுத்தேன். ரெண்டு தடவையும் "வண்டி எப்படி மாமா ஓடுது?"ன்னு ஒரு வார்த்தை கேக்கல. கொஞ்சம் நீளமான த்ரெட் இது. பழைய பிக்கப் வெச்சிருக்கவங்க, அதை உயரம் ஏத்தலாம்னு நினைக்கிறவங்க, முழுசா படிங்க.

சிதம்பரத்துலேர்ந்து கிள்ளை போற வழியில மாமாவுக்கு நிலம். சம்பா நெல்லு, அது முடிஞ்சதும் உளுந்து. கூடவே 2010 மாடல் டாடா ஜெனான் ஒண்ணு. முன்பக்கம் டார்ஷன் பார், பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங், அதாவது பட்டை. கொள்முதல் நிலையத்து நெல் மூட்டை ஒண்ணு 40 கிலோ. 35 மூட்டை ஏத்துவார். கணக்கு போட்டுக்குங்க, 1400 கிலோ. "இவ்ளோ ஏத்தலாமா மாமா?"ன்னா "அது ஏத்துக்குது மாப்ள"ம்பார். ஏத்துக்கத்தான் செஞ்சுது. வில்லு மாதிரி வளைஞ்சிருந்த பட்டை 15 வருஷத்துல ஸ்கேல் மாதிரி நேரா ஆயிடுச்சு. டிரைவர் பக்கம் இன்னும் ரெண்டு விரல் தாழ்ந்து நிக்கும்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தது. அடுத்து தென்பெண்ணை பெருகி கடலூர் சுத்துப்பட்டெல்லாம் தண்ணி. 2011 தானே, 2015 வெள்ளம் எல்லாம் பார்த்த மாவட்டம் நம்மளுது, ஆனாலும் ஒவ்வொரு தடவையும் புதுசா தான் மாட்டிக்கிறோம். மாமாவோட வண்டி களத்து வரப்புல அடிவயிறு தட்டி நின்னுடுச்சு. டிராக்டர் வெச்சு இழுத்தாங்க. அன்னைக்கே முடிவு பண்ணிட்டார்: ரெண்டு இன்ச் தூக்கிடணும்.

பக்கத்துல ஒரு பட்டறையில அரை நாள் வேலை. பின்னாடி ரெண்டு பட்டை கூடுதலா சொருகினாங்க. முன்னாடி டார்ஷன் பார் போல்ட்டை முடிஞ்ச மட்டும் இறுக்கினாங்க. வண்டி ஜம்முனு நின்னுச்சு. எனக்கு போட்டோ கூட அனுப்பினார். நானும் கட்டைவிரல் தூக்கி ஒரு பொம்மை போட்டேன். அதை இப்ப நினைச்சா வெட்கமா இருக்கு.

சம்பா அறுப்பு முடியறதுக்குள்ள இடுப்புல ஆரம்பிச்ச வலி தொடை வழியா இறங்கி கால் பெருவிரல் வரைக்கும் சுரீர்னு போக ஆரம்பிச்சுது. போன்லயே மாத்திரை சொன்னேன். ஒரு மாசம் கழிச்சு மறுபடியும் போன், மறுபடியும் மாத்திரை. மூணாவது தடவை கடலூருக்கே வரச் சொன்னேன். படுக்க வெச்சு முட்டி மடங்காம காலைத் தூக்கினா 35 டிகிரியிலயே கத்தினார். சயாட்டிகா. நல்லவேளை, பாதத்துல பலம் குறையல.

இங்க ஒரு விஷயம் சொல்லிடறேன். இந்த மாதிரி ஜவ்வு விலகல் பெரும்பாலும் 6லேர்ந்து 12 வாரத்துல ஆபரேஷன் இல்லாமலே அடங்கிடும். ஆனா ஒண்ணுக்கு வரல, இல்ல அடக்க முடியல, உட்கார்ற இடம் மரத்துப் போச்சு, பாதம் தொங்குதுன்னா ஒரு நாள் கூட காத்திருக்காதீங்க. நேரா ஆஸ்பத்திரி போங்க.

கிளம்பும்போது வாசல் வரைக்கும் போய் வண்டியைப் பார்த்தேன். முன் டயர் ரெண்டும் உள்பக்கமா தேய்ஞ்சு கிடக்கு. "நான் ஓட்டறேன், நீங்க பக்கத்துல உக்காருங்க"ன்னு மஞ்சக்குப்பத்துல ஒரு சுத்து வந்தேன். ஒவ்வொரு வேகத்தடைக்கும் முதுகுல குத்து விட்ட மாதிரி இருந்துது. இவர் இதுல மூணு மாசமா ஓட்டியிருக்கார்.

உட்கார்ந்திருக்கிற மனுஷனோட உடம்பு நொடிக்கு 4லேர்ந்து 6 தடவை வர்ற அதிர்வுல தான் அதிகமா குலுங்கும். கனரக வண்டி, டிராக்டர் ஓட்டறவங்களுக்கு இடுப்பு வலி அதிகம்ங்கிறது ரொம்ப நாளா தெரிஞ்ச விஷயம். மாமாவோட ஜவ்வு விலகினதுக்கு வண்டி மட்டுமே காரணம்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. அவருக்கு 58 வயசு, 40 வருஷமா மூட்டை தூக்கியிருக்கார். ஆனா ஆற வேண்டிய புண்ணைத் தினமும் குத்திக்கிட்டு இருந்தது இந்த வண்டி தான்.

கடலூர் முதுநகர்ல எனக்குப் பழக்கமான மெக்கானிக் பாய் ஒருத்தர். வண்டிக்கு அடியில படுத்துப் பார்த்துட்டு வெளிய வந்து முதல்ல கேட்டது மாமாவைத்தான். "அண்ணே, பாரத்தோட பிரேக் அடிச்சா நிக்குதா?"

மாமா பேசல. என்னைப் பார்த்தார். அப்புறம் மெதுவா சொன்னார். பிப்ரவரியில பி.முட்லூர் கிட்ட, நெல்லு ஏத்திக்கிட்டு மில்லுக்குப் போறப்ப, ஒரு ஸ்கூல் பையன் சைக்கிள்ல குறுக்க வந்துட்டான். பிரேக் அடிச்சும் வண்டி நிக்காம போயிட்டே இருந்துதாம். பின்சக்கரத்துக்கும் பம்பருக்கும் நடுவுல ஒரு சாண். பையன் திரும்பிப் பார்த்துட்டு மிதிச்சுட்டுப் போயிட்டான். இவர் அரை மணி நேரம் ஓரமா வண்டியை நிறுத்திட்டு உக்காந்திருந்திருக்கார். வீட்டுல யார்கிட்டயும் சொல்லல.

பாய் காட்டினார். பின் ஆக்ஸிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவுல ஒரு வால்வும் அதுல ஒரு கம்பியும் இருக்கு. பாரம் ஏறி பின்பக்கம் தாழ்ந்தா அந்தக் கம்பி நகர்ந்து, பின் பிரேக்குக்கு அழுத்தம் அதிகமா கொடுக்கும். வண்டி காலியா இருந்தா குறைச்சுக்கும். கூடுதல் பட்டை போட்டு தூக்கினதால, 35 மூட்டை ஏத்தினாலும் பின்பக்கம் உயரமாவே நிக்குது. வால்வு 'வண்டி காலி'ன்னு நம்பிக்கிட்டு இருந்திருக்கு. அத்தனை பாரத்தையும் கிட்டத்தட்ட முன் பிரேக் மட்டுமே நிறுத்தப் பார்த்திருக்கு. இந்தக் கம்பியை உயரத்துக்குத் தகுந்த மாதிரி சரி பண்ணணும்னு பட்டறையில யாருக்கும் தோணல.

முன்பக்கக் கதை வேற. டார்ஷன் பார்ங்கிறது முறுக்கிக்கிற ஒரு இரும்புத் தண்டு, அவ்வளவுதான். போல்ட்டை இறுக்கினா வண்டி உயரும், ஆனா தண்டோட பலம் கூடாது. பள்ளத்துல சக்கரம் கீழ இறங்க இருந்த இடத்தைத் தின்னுட்டுத்தான் அந்த உயரம் வருது. அதான் 'டொக்'குனு முட்டற சத்தம். சக்கரத்தோட சாய்மானமும் மாறிடும், அதான் டயர் தேய்மானம்.

ரெண்டு நாள் வேலை. பின் பட்டை முழுசா கழட்டினா மெயின் பட்டையில சென்டர் போல்ட் ஓட்டைகிட்ட முடி மாதிரி ஒரு விரிசல். பழசையே அடிச்சு வளைச்சுடலாமேன்னு மாமா கேட்டார். பாய் ஒத்துக்கல. பட்டையைக் காய்ச்சி வளைச்சா பதம் போயிடும், திரும்ப முறையா பதம் ஏத்தலைன்னா சீக்கிரமே தொங்கிடும், விரிசல் விட்டதை வளைக்கிறதுங்கிற பேச்சே கிடையாதுன்னுட்டார். புது செட்டு, கம்பெனி எண்ணிக்கையிலேயே. புது ஷாக், ஷேக்கில் பின், புஷ் எல்லாம். யூ போல்ட்டும் புதுசு, ஏன்னா ஒரு தடவை இறுக்கினது இழுபட்டுப் போயிருக்குமாம். புஷ் போல்ட்டை மட்டும் ஜாக்கியில நிக்கும்போது இறுக்கல. வண்டியைக் கீழ இறக்கி, எடை சக்கரத்துல உக்காந்தப்புறம் இறுக்கினார். தொங்கவிட்டு இறுக்கினா ரப்பர் எப்பவும் முறுக்கிக்கிட்டே நின்னு சீக்கிரம் கிழிஞ்சிடும். எலும்பை நேரா வெக்காம கட்டு போட்ட கதை தான்.

முன்பக்கம் டார்ஷன் பாரைப் பழைய உயரத்துக்கு இறக்கி, அலைன்மென்ட் பார்த்து, பிரேக் கம்பியையும் சரி பண்ணியாச்சு. தொங்கிப் போயிருந்த உயரத்தோட ஒப்பிட்டா ஒன்றரை இன்ச் ஏறியிருக்கு. கம்பெனி கொடுத்த உயரமே அவ்வளவுதான். "அரை இன்ச் குறையுதே பாய்"னு மாமாவுக்கு மனசே இல்ல. அதுக்கு மேல ஏத்தறதுல சட்டச் சிக்கலும் இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு. கம்பெனி கொடுத்த அமைப்பை ஆர்.சி. புக் விவரத்துக்கு மாறா மாத்தக்கூடாதுன்னு 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கு.

வெள்ளத்துக்கு என்ன பண்றதுன்னு கேட்டார். ஓடற தண்ணியில ஒரு அடி ஆழம் சின்ன காரை இழுத்துடும். ரெண்டு அடி இருந்தா பெரும்பாலான வண்டியை இழுத்துடும். அரை இன்ச் அதுல என்ன செய்யும்? "தண்ணி வந்தா வண்டியை எடுக்காதீங்க மாமா"ன்னேன். அவருக்கு அந்தப் பதில் பிடிக்கல.

இப்ப 25 மூட்டை தான் ஏத்தறார், 1000 கிலோ. நடை ஒண்ணு கூடுது, டீசல் கூடுதுன்னு புலம்பல்.

500 கிலோமீட்டர் ஓடினதும் யூ போல்ட்டை மறுபடி முறுக்கிக்கணும்னு பாய் சொல்லியிருந்தார். அதுக்காக போன வாரம் கடலூர் வந்தவர் என்கிட்டயும் வந்தார். காலைத் தூக்கிப் பார்த்தேன், 70 டிகிரி வரைக்கும் வலி இல்ல. "எப்ப மாமா வந்தீங்க?"ன்னு கேட்டேன். காலையிலயே வந்துட்டாராம். முதல்ல பாய்கிட்ட போயிட்டுத்தான் இங்க வந்திருக்கார்.