மூடுவதற்கு முன் காட்டியவருக்கு

மதிப்பிற்குரிய மேஸ்திரி அண்ணாச்சி அவர்களுக்கு,



ஒழுகுகிற வீட்டைக் கட்டியவர் யாரென்று ஊருக்கே தெரியும். ஒழுகாத வீட்டைக் கட்டியவரைப் பற்றிக் கேட்க ஆளிருக்காது. வத்திராயிருப்பில் ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்துவிட்டால், டீக்கடையிலும் ரேஷன் கடை வரிசையிலும் எந்த மேஸ்திரி யார் வீட்டைக் கெடுத்தார் என்ற பேச்சுத்தான் ஓடும். நல்ல வேலை செய்தவர்கள் அந்தப் பேச்சில் வருவதே இல்லை. அதனால்தான் உங்களிடம் நேரில் சொல்லி முடித்திருக்கக்கூடிய நன்றியை நாலு பேர் படிக்கும்படி எழுதுகிறேன். பேரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டீர்கள், போடவில்லை. நம்ம ஊர்க்காரர்கள் படித்தால் யாரென்று தெரிந்துகொள்வார்கள்.

வெளியூரிலிருந்து படிப்பவர்களுக்காக வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். திண்ணை, நடை, நடுவில் முற்றம், முற்றத்தைப் பார்த்து நாலு பக்கமும் சரியும் ஓட்டுக்கூரை, பின்கட்டில் ஒரு சின்னக் காரை மச்சு. கூரையில் கிடந்தது சீமை ஓடு. பேசல் மிஷன்காரர்கள் 1865இல் மங்களூரில் ஓட்டு ஆலை தொடங்கிய பிறகு, நாட்டு ஓட்டைப் பின்னுக்குத் தள்ளித் தென்னாடு முழுக்கப் பரவிய ஓடு அது. எங்கள் வீட்டுக் கூரைக்கு அப்பா காலத்துக்கும் முந்தைய வயசு. மேற்கே மலை இருப்பதால் நம்ம ஊர்க் கூரைக்கு மூன்று எதிரிகள். ஆடிக்காற்று ஓட்டைத் தூக்கும். மலையிலிருந்து இறங்குகிற குரங்கு அதைப் புரட்டும். மிச்சத்தை ஐப்பசி, கார்த்திகை மழை பார்த்துக்கொள்ளும். பிளவக்கல்லில் பெரியாறு, கோவிலாறு அணைகள் நிரம்பினால் வயல்காரர்கள் சந்தோஷப்படுவார்கள். நான் வீட்டுக்குள் அண்டாவையும் போணியையும் பரப்பிக்கொண்டிருப்பேன்.

கூரையை மாற்றியே தீர வேண்டும் என்றானபோது, உங்களுக்கு முன்னால் சிலர் வந்து பார்த்தார்கள். ஒருவர் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஓட்டையெல்லாம் இறக்கிட்டு கான்கிரீட் போட்டுருவோம் டீச்சர், அம்பது வருசத்துக்குக் கவலை இல்ல" என்றார். இன்னொருவர் கலர் ஷீட் போட்ட வீடுகளின் படங்களைச் செல்போனில் காட்டி, அப்போதே அட்வான்ஸும் கேட்டார். ஏணியைச் சாத்தி மேலே ஏறியவர் நீங்கள் ஒருவர்தான்.

இறங்கி வந்தும் விலை சொல்லவில்லை. கேள்விதான் கேட்டீர்கள். "மழை விழுந்த உடனே ஒழுகுதா, இல்ல கொஞ்ச நேரம் கழிச்சா?" அடுக்களையில் உடனே ஒழுகும், முற்றத்து மூலைகளில் நின்று பெய்தால்தான் ஒழுகும் என்றேன். அடுக்களையில் ஓடு உடைந்திருக்கிறது, மூலையில் கூடல்வாய் கெட்டிருக்கிறது என்று அந்த இடத்திலேயே பிரித்துச் சொன்னீர்கள். இரண்டு சரிவுத் தண்ணீரும் ஒன்றாகச் சேர்ந்து ஓடுகிற இடம் கூடல்வாய். அங்கே வேப்பிலையும் அணில் கூடும் அடைத்துக்கொண்டால், தேங்குகிற தண்ணீர் எதிர்த்து ஏறி ஓட்டுக்கு அடியில் புகுந்துவிடும். அடியில் கிடக்கும் தகரம் துருப்பிடித்துப் பொத்தலாகிவிட்டால் அப்புறம் சுவர்தான் நனைய வேண்டும். இத்தனை வருஷம் அந்த வீட்டில் இருந்தும் தண்ணீர் வருகிற வழியை எனக்கு யாரும் இப்படிச் சொன்னதில்லை.

அன்று ராத்திரி கனடாவிலிருந்து தங்கை பேசினாள். அவளுக்கு ஸ்கார்பரோவில் வீடு. அந்த வருஷம் அவர்களும் கூரை மாற்றிக்கொண்டிருந்தார்கள். கூடல்வாய்க் கதையைச் சொன்னதும், "இங்கயும் அதே கதைதான்க்கா, தண்ணிக்குப் பதிலா பனி" என்றாள். வீட்டுக்குள் போடுகிற ஹீட்டரின் சூடு கூரை வழியாகக் கசிந்து, மேலே கிடக்கும் பனியை அடியிலிருந்து உருக்குமாம். உருகிய நீர் சரிவில் இறங்கி இறவாணத்துக்கு வரும். அது சுவரைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி. கீழிருந்து சூடு கிடையாது. அங்கே நீர் மறுபடி உறைந்து வரப்புக் கட்டிவிடும். பின்னால் உருகி வருகிற நீர் போக வழியில்லாமல் மேல்நோக்கி ஏறி வீட்டுக்குள் இறங்கும். அதற்காக இறவாண ஓரத்தில் தண்ணீர் புகாத ஒரு விரிப்பை ஒட்டிவிட்டு, அதன்மேல்தான் தார் அட்டையை அடுக்குகிறார்கள். அந்த விரிப்பு விளிம்பிலிருந்து குறைந்தது 900 மில்லிமீட்டராவது மேலே போக வேண்டும், வெளிச்சுவரைத் தாண்டி உள்பக்கமும் 300 மில்லிமீட்டர் வர வேண்டும் என்று அந்த நாட்டுக் கட்டட விதியே இருக்கிறது. மேலே அட்டை அடுக்கிவிட்டால், விரிப்புப் போட்டார்களா, எத்தனை அடிக்குப் போட்டார்கள் என்று யாருக்குத் தெரியும்? அதனால் அவளுடைய ஒப்பந்தக்காரர் ஒவ்வொரு கட்டத்தையும் மூடுவதற்கு முன் போட்டோ எடுத்து அனுப்பிவிடுவாராம்.

மறுநாள் இதை உங்களிடம் சொன்னபோது நீங்கள் கேட்டது ஒரு கொத்தனாருக்குத்தான் தோன்றும். "அட்டையில ஆணி அடிச்சா ஓட்டை விழுமே டீச்சர்?" ஆணித் தலையை அடுத்த அட்டை வந்து மூடிவிடும் என்றேன். "அப்ப நம்ம ஓடு மாதிரிதான். மேல் வரிசை கீழ் வரிசையை மூடணும்" என்று தலையாட்டிவிட்டு மரத்தைப் பார்க்கப் போய்விட்டீர்கள்.

முதல் நன்றி, கான்கிரீட் வேண்டாம் என்று சொன்னதற்கு. சிமென்ட்டுக்குப் பஞ்சமில்லாத மாவட்டம் இது. ஆலங்குளத்தில் அரசு சிமென்ட் ஆலை, பக்கத்து ராஜபாளையத்தில் ராம்கோ சிமென்ட் கம்பெனியின் பதிவு அலுவலகம். கான்கிரீட் என்றால் உங்களுக்கு வரும்படியும் பல மடங்கு. ஆனால் நீங்கள் கணக்குப் போட்டுக் காட்டினீர்கள். ஒரு சதுரத்துக்கு ஏறக்குறைய 150 சீமை ஓடு பிடிக்கும். ஓட்டின் எடை 400 கிலோவுக்குள் அடங்கிவிடும். அதே நூறு சதுர அடியில் நாலு அங்குலக் கான்கிரீட் போட்டால் இரண்டு டன்னைத் தாண்டும். கம்பியும் தூணும் இல்லாமல் செங்கல்லையும் சுண்ணாம்புச் சாந்தையும் நம்பி நிற்கிற சுவர் அதைத் தாங்குமா என்று கேட்டீர்கள். தங்கையிடம் சொன்னேன். அங்கேயும் கூரைக்காரர்கள் நூறு சதுர அடியை ஒரு சதுரமாக வைத்துத்தான் விலை பேசுகிறார்களாம்.

இரண்டாவது நன்றி, அந்த எஸ்டிமேட்டுக்கு. கோடு போட்ட நோட்டுத் தாளில் ஓடு, மரம், கூடல்வாய்த் தகடு, சாரம், ஆசாரி கூலி, கொத்தனார் கூலி, சித்தாள் கூலி என்று தனித்தனியாக எழுதி, கடைசியில் கோடு கிழித்து, "பிரிச்சாத்தான் தெரியும்" என்று ஒரு தலைப்புப் போட்டிருந்தீர்கள். அதன் கீழே, கைமரம் உளுத்திருந்தால் அடிக்கு இவ்வளவு, ரீப்பர் மாற்றினால் இவ்வளவு என்று விலை மட்டும் இருந்தது. மொத்தத் தொகை இல்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி ஒரே தொகையில் அடக்குபவர்கள், பாதி வேலையில் வந்து கூடுதல் கேட்பார்கள். நீங்கள் தெரியாததற்கும் முன்கூட்டியே விலை பேசிவிட்டீர்கள். ஸ்கார்பரோ ஒப்பந்தத்திலும், அடிப்பலகை மக்கியிருந்தால் பலகை ஒன்றுக்கு இவ்வளவு என்று தனியாக ஒரு வரி உண்டாம்.

மூன்றாவது நன்றிக்காகத்தான் இந்தக் கடிதமே. ஆவணியில், ஆடிக்காற்று ஓய்ந்த பிறகு, ஓட்டைப் பிரித்தீர்கள். இறக்கிய ஓடு ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தீர்கள். கணீரென்று சத்தம் வந்தது ஒரு பக்கம், சொத்தென்று வந்தது இன்னொரு பக்கம். தேறிய பழைய ஓட்டையும் புது ஓட்டையும் கலந்து அடுக்காமல், பழையதை முற்றத்துக் கீழ்ச்சரிவுக்கும் புதியதை மற்றச் சரிவுகளுக்கும் ஒதுக்கினீர்கள். ஆலைக்கு ஆலை அச்சு மாறும், ஒன்றின் பள்ளத்தில் இன்னொன்றின் மேடு சரியாக உட்காராது என்பதால்.

பிறகு கைமரம். பார்வைக்கு எல்லாப் பனங்கையும் ஒரே மாதிரி கறுத்துக் கிடந்தன. "டீச்சர், கொஞ்சம் மேல வாங்க" என்றீர்கள். சாரத்தில் ஏறி நின்றேன். ஒரு பனங்கையில் உளியை வைத்துத் தட்டினீர்கள். உளி துள்ளித் திரும்பியது. அடுத்ததில் வைத்தீர்கள், தட்டவே வேண்டியிருக்கவில்லை, கை அழுத்தத்துக்கே பாதி உள்ளே போய்விட்டது. உருவியதும் மாவாக உதிர்ந்தது. அடுக்களைக்கு நேர் மேலே, நான் தினமும் நின்று சமைக்கிற இடம். உளுத்ததில் மட்டும் சாக்பீஸால் குறி போட்டு, என்னையே எண்ணச் சொன்னீர்கள். இடித்த வீட்டிலிருந்து வந்த வைரம் பாய்ந்த பனையாகத் தேடி வாங்கி அவற்றுக்குப் பதிலாகப் போட்டார் ஆசாரி. மற்றதைத் தொடவில்லை.

அதன் பிறகு தினமும் அதே வழக்கம். கூடல்வாய்க்கு ஜி.ஐ. தகடு மடித்துப் போட்டதும் கூப்பிட்டீர்கள். தகடு இரண்டு பக்கமும் ஓட்டுக்கு அடியில் எவ்வளவு உள்ளே போகிறது என்று கையால் அளந்து காட்டினீர்கள். மேலே நின்று ஒரு குடம் தண்ணீரை ஊற்றச் சொன்னீர்கள். மச்சில் பழைய தளத்தைக் கொத்தியெடுத்த பிறகும் கூப்பிட்டீர்கள். சுண்ணாம்புத் தளத்தின் மேல் சிமென்ட் பூசினால் இரண்டும் வேறு வேறாக இழுத்துக்கொண்டு வெடிக்கும் என்று சொல்லி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டுச் சுண்ணாம்பையும் செங்கல் ஜல்லியையும் சேர்த்துக் கெட்டிக்க வைத்தீர்கள். அதன் மேல் வாட்டம் பார்த்துத் தட்டோடு பதித்து, பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தி, கீழே வந்து என்னோடு சேர்ந்து அண்ணாந்து பார்த்தீர்கள்.

ஒருநாள் பள்ளிக்கூட விழாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அவசரத்தில், "நீங்க பார்த்தாப் போதாதா அண்ணாச்சி?" என்று கேட்டேன். "மூடிட்டா நீங்களும் பார்க்க முடியாது, நானும் பார்க்க முடியாது. இப்பவே பார்த்துருங்க" என்றீர்கள். கூரை வேலையில் வீட்டுக்காரருக்குத் தெரிவது மேல்தோல்தான். காசு எல்லாம் அடியில் போடப்படுகிறது. அடியில் குறைத்தால் லாபம்; குறைத்தது தெரியவர நாலைந்து மழைக்காலம் ஆகும்; அதற்குள் பணம் கைமாறி முடிந்திருக்கும். பனி கொட்டுகிற ஊரிலும் வெயில் கொளுத்துகிற ஊரிலும் வீட்டுக்காரர் ஏமாறுவது இந்த ஒரே இடத்தில்தான். அந்த இடத்தை நான் கேட்காமலே திறந்து காட்டினீர்கள்.

உங்கள் ஆட்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். ஓட்டைக் கைமாற்றிக் கைமாற்றி உடையாமல் இறக்கியதும், நாள் கணக்கில் உட்கார்ந்து மச்சுத் தளத்தைக் கட்டையால் தட்டியதும் சித்தாள் அக்காமார்தான். முகட்டில் ஏறியவர்கள் இடுப்பில் கயிறு இல்லாமல் ஏறவில்லை. 1994இல் தொடங்கிய கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் அத்தனை பேரையும் பதிவு செய்ய வைத்திருக்கிறீர்கள் என்று அவர்கள் சொல்லித்தான் தெரிந்தது. கூரையிலிருந்து விழுந்தவர்களின் குடும்பங்களை நம்ம பக்கம் நிறையப் பார்த்தவள் நான். அந்தப் பதிவின் அருமை தெரியும்.

அந்த வருஷம் மார்கழி பிறந்த கையோடு, 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், தென்மாவட்டங்களில் பெய்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். நம்ம பக்கமும் விடாமல் கொட்டியது. அந்த மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு நீங்களாகவே வந்து, "எங்கயாவது ஒழுகுதா டீச்சர்?" என்று கேட்டீர்கள். நடைச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் இருந்தது. மழை விட்டதும் ஏறிப் பார்த்து, குரங்கு நகர்த்திய ஓட்டைச் சரியாக உட்கார வைத்துவிட்டு, டீ மட்டும் குடித்துவிட்டுப் போனீர்கள். கணக்கை முடித்துக்கொண்ட பிறகு, மழை பெய்யும்போது தான் வேலை பார்த்த வீட்டுக்கு வருகிற மேஸ்திரியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

நன்றியோடு ஒரு வேண்டுகோளும் உண்டு. மச்சு வேலை நடந்தபோது சுண்ணாம்பின் பதம் பார்க்கத் தெரிந்தவர் உங்கள் ஆட்களில் நீங்கள் ஒருவர்தான் என்பதைக் கவனித்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் மாட வீதிகளைச் சுற்றியும் நம்ம ஊர்த் தெருக்களிலும் காரை மச்சு இன்னும் எத்தனையோ வீடுகளில் இருக்கிறது. உங்கள் கையாள் பையன்களில் இரண்டு பேருக்காவது அந்தப் பதத்தைச் சொல்லிக்கொடுங்கள். இல்லையென்றால் எல்லா மச்சுக்கும் சிமென்ட்தான் பூசுவார்கள். நீங்கள் சொன்ன மாதிரியே எல்லாம் வெடிக்கும்.

எதிர்வீட்டில் வருகிற சித்திரையில் கூரை பிரிக்கப்போகிறார்கள். உங்கள் நம்பரைக் கொடுத்திருக்கிறேன். கூடவே, ஏறிப் பார்க்காமல் விலை சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம், "பிரிச்சாத்தான் தெரியும்" என்ற தலைப்பில் என்னென்ன வரும் என்று எழுதி வாங்குங்கள், எதையும் மூடுவதற்கு முன் சாரத்தில் ஏறிப் பாருங்கள் என்றும் சொல்லியிருக்கிறேன். வேலையை எடுப்பவர் நீங்களாக இருந்தாலும் அவர்கள் விடமாட்டார்கள். தயாராக இருங்கள்.


ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்
வத்திராயிருப்பு