ஒரு பல் தள்ளிப்போன பெல்ட்

முழுவதுமாகக் கெட்டுப்போன எஞ்சினின் குறையைக் கண்டுபிடிப்பது எளிது. ஏறக்குறைய சரியாக ஓடுகிற எஞ்சின்தான் மனிதனை அலைக்கழிக்கும். சாவியைத் திருப்பினால் அது உயிர் பெறும். தெருமுனை வரை ஒழுங்காகப் போகும். மேட்டைக் கண்டால் மட்டும் மூச்சு வாங்கும். டைமிங் பெல்ட்டைத் தம் கையாலேயே மாற்றிவிட்டு, அதன்பின் வண்டியில் இழுவை இல்லையே என்று தவிப்பவர்கள் பலரும் இந்த இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள். புனேயில் என்னோடு ஆய்வு மாணவராக இருந்த நண்பர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடையில் மூன்று வாரம் அங்கே நின்றார். அவருடைய இசைவோடுதான் இதை எழுதுகிறேன். எஞ்சினைத் திறந்தே பார்த்திராத நண்பர்களும் இதைக் கடைசிவரை படிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

அவர் நிலவியல் மாணவர். வாய், பஞ்ச்கனி, மகாபலேஷ்வர் பகுதிகளில் அடுக்கடுக்காகக் கிடக்கும் தக்காணத்து எரிமலைப் பாறைகளிலிருந்து மாதிரிகள் சேகரிப்பது அவர் வேலை. ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளாக அங்கேயே கிடக்கும் பாறைதான். ஆனால் ஜூனில் மழை இறங்கிவிட்டால் அந்தச் சரிவுகளில் மாதக்கணக்கில் கால் வைக்க முடியாது. அவருக்கு எஞ்சியிருந்தது அந்த ஒரு பருவம். உதவித்தொகையோ நான்கு மாதமாக வரவில்லை. கையில் இருந்தது, மாமா கொடுத்த, கார்புரேட்டர் காலத்து மாருதி 800. மூன்று சிலிண்டர், 796 சிசி. அதன் டைமிங் பெல்ட்டில் வெடிப்பு கண்டிருந்தது. மலைப்பாதையில் அது அறுந்தால் என்ன ஆகும் என்று அஞ்சியவர், கூலிக்குக் கொடுக்கப் பணமில்லாததால், கையேட்டைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை விடுதியின் பின்புறத்தில் தாமே பெல்ட்டை மாற்றினார்.

வண்டி உடனே கிளம்பியது. அதுதான் சிக்கல். கிளம்பாமல் இருந்திருந்தால் அன்றே திறந்து பார்த்திருப்பார்.

இங்கே பெல்ட்டின் வேலையைச் சொல்லிவிட வேண்டும். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டையும், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டையும் இணைப்பது இந்தப் பல் வைத்த ரப்பர் பெல்ட். நான்கு வீச்சு எஞ்சினில் கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். எனவே கேமின் சக்கரத்தில் கிராங்கின் சக்கரத்தைப்போல் இருமடங்கு பற்கள் இருக்கும். கணக்குக்காகக் கிராங்கில் 20 பல், கேமில் 40 பல் என்று வைத்துக்கொள்வோம். பெல்ட் ஒரே ஒரு பல் தள்ளி மாட்டப்பட்டால் கேம் 9 பாகை பிசகும். கிராங்கின் கணக்கில் அது 18 பாகை. எஞ்சினை நிறுத்திவிட அது போதாது, ஊனமாக்கப் போதும். கேம் பிந்தினால், காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும் வால்வு காலம் கடந்து மூடும். பிஸ்டன் மேலே ஏறத் தொடங்கிய பிறகும் வால்வு திறந்திருப்பதால், உறிஞ்சிய கலவையில் ஒரு பகுதி வந்த வழியே திரும்பிப் போய்விடும். வேகம் குறைவாக இருக்கும்போது இந்த இழப்பு அதிகம். ஆகவேதான் மேட்டில், கீழ் கியரில், சுமையோடு ஏறும்போது வண்டி சோர்கிறது.

நண்பரின் வண்டியில் இன்னொரு கேடும் சேர்ந்துகொண்டது. அந்த எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுழற்றுவதும் கேம் தண்டே. கேம் பிந்தினால் தீப்பொறியும் அதோடு பிந்தும். ஐட்லிங் தடுமாறியது. டிஸ்ட்ரிபியூட்டரைச் சற்றுத் திருப்பி வைத்தால் சரியாகும் என்று யாரோ சொன்னார்கள். திருப்பினார், தடுமாற்றம் அடங்கியது. பழுது தீர்ந்தது என்று அவர் நம்பியதும் அந்த நொடியில்தான். ஆனால் காத்ரஜ் மலைப்பாதையில் வண்டி இரண்டாம் கியரிலும் திணறியது. பாதியிலேயே திரும்பி வந்தார்.

அதன்பின் அவர் மாற்றியவற்றின் பட்டியல் நீளமானது. ஸ்பார்க் பிளக்குகள், பிளக் ஒயர்கள், காற்று வடிகட்டி, பெட்ரோல் வடிகட்டி. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். பெட்ரோலில் கலப்படம் என்று வேறு பம்புக்குப் போனார். செலவழித்த தொகையை எழுதிக் கூட்டியபோது, மிச்சம் பிடிக்க நினைத்த கூலியை அது தாண்டியிருந்தது. பெல்ட்டை மட்டும் அவர் சந்தேகிக்கவில்லை. கையேட்டில் சொன்னபடி குறிகளைப் பொருத்தி, கைப்பேசியில் படமும் எடுத்து வைத்திருந்தார். படத்தில் குறிகள் நேராகத்தான் இருந்தன.

நான் புள்ளியியல் மாணவன். எனக்கு எஞ்சினைவிடப் பிழைகளோடுதான் பழக்கம். ஆகவே ஏதாவது ஒன்றை முதலில் அளந்து பார்ப்போம் என்றேன். இயந்திரவியல் துறை நண்பர் ஒருவரிடம் கம்ப்ரஷன் மானியை இரவல் வாங்கினோம். எஞ்சின் சூடாக இருக்கும்போதே பிளக்குகளைக் கழற்றி, தீப்பொறி இணைப்பைத் துண்டித்து, ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்துப் பிடித்தபடி ஸ்டார்ட்டரால் சுழற்றி, ஒவ்வொரு சிலிண்டராக அளந்தோம். மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவு. மூன்றுமே கையேட்டின் அளவைவிடக் குறைவு. புனே கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 560 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதனால் காற்றழுத்தம் 6 விழுக்காடு அளவுக்குக் குறையும். நாங்கள் கண்ட குறைவு அதைவிடப் பெரியது. சிலிண்டருக்கு ஒரு கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டு மறுபடி அளந்தோம். பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருந்தால் அழுத்தம் நன்றாக ஏறியிருக்கும், ஏறவில்லை.

இந்த எண்கள் பேசுகிற மொழி தெளிவானது. ஒரு சிலிண்டரில் மட்டும் அழுத்தம் குறைந்தால் வால்வையோ வளையத்தையோ பார்க்க வேண்டும். அடுத்தடுத்த இரண்டில் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டை. எல்லாவற்றிலும் சமமாகக் குறைந்து, எண்ணெய்க்கும் அசையாவிட்டால், எல்லாச் சிலிண்டர்களுக்கும் பொதுவான ஒன்று பிசகியிருக்கிறது. அப்படிப் பொதுவானது கேம் தண்டு. அதைக் கடைசியாகத் தொட்டது நண்பரின் கை.

இதை அவரிடம் சொல்லுவது எனக்கு எளிதாக இல்லை. அவர் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவர். மூன்று வாரமாக அவர் காத்து நின்றது காரை மட்டுமல்ல என்பது எனக்குத் தெரிந்திருந்தது. முகம் சுண்டிப்போனாலும், மறுநாள் காலை என்னோடு காத்ரஜ் பக்கம் இருந்த ஒரு சிறிய பட்டறைக்கு வந்தார். அறுபதைக் கடந்த மெக்கானிக். எல்லோரும் அவரைக் காகா என்றே அழைத்தார்கள். பானட்டைத் திறக்கும் முன் அவர் கேட்டது ஒரே கேள்வி: “எந்த நாளிலிருந்து இப்படி? அதற்கு முந்தின நாள் எதைத் தொட்டீர்கள்?” எங்கள் எண்களைக் காட்டினோம். தலையசைத்துவிட்டு, பெல்ட்டின் மூடியைக் கழற்றி, கிராங்கின் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டி, எஞ்சின் ஓடும் திசையிலேயே கையால் மெதுவாகச் சுற்றினார். ஒரு சுற்று. இரண்டாவது சுற்று. கிராங்கின் குறி தன் இடத்துக்கு வந்து நின்றது. கேமின் குறி ஒரு பல் பின்னால் நின்றது.

படத்தில் நேராக இருந்த குறி எப்படிப் பிசகியது? பெல்ட்டை மாட்டும்போது கொஞ்சம் தொய்வு எங்காவது தங்கும். அந்தத் தொய்வு டென்ஷனர் இருக்கும் பக்கத்தில் இருந்தால் டென்ஷனர் அதை வாங்கிக்கொள்ளும். எதிர்ப்பக்கத்தில், அதாவது கிராங்க் பெல்ட்டை இழுக்கும் பக்கத்தில் தங்கிவிட்டால், நின்றிருக்கும் எஞ்சினில் எல்லாம் சரியாகவே தோன்றும். எஞ்சின் சுழலத் தொடங்கியதும் கிராங்க் முதலில் அந்தத் தொய்வை இழுத்துக்கொள்ளும். அந்த அளவுக்குக் கேம் பின்தங்கிவிடும். கிராங்க் இரண்டு சுற்று முடிக்கும்போது கேம் சரியாக ஒரு சுற்று முடிக்கும். ஆகவே கையால் இரண்டு சுற்றுச் சுற்றி, இரு குறிகளும் மீண்டும் தம் இடத்துக்கு வருகின்றனவா என்று பார்த்த பிறகே மூடியை மாட்ட வேண்டும். ஸ்டார்ட்டரால் அல்ல, கையால். சில எஞ்சின்களில் பெல்ட் பிசகினால் பிஸ்டன் வால்வில் இடிக்கும். கை அந்தத் தடையை உணர்ந்து நின்றுவிடும். ஸ்டார்ட்டர் வால்வை வளைத்துவிட்டுத்தான் நிற்கும்.

காகா பெல்ட்டை ஒரு பல் நகர்த்தி மாட்டி, மறுபடி இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிறகு, நாங்கள் மறந்தே போயிருந்த டிஸ்ட்ரிபியூட்டரைப் பழைய நிலைக்குத் திருப்பி, டைமிங் விளக்கை வைத்துச் சரிபார்த்தார். அதை அப்படியே விட்டிருந்தால், கேம் சரியானதும் தீப்பொறி அளவுக்கு மீறி முந்திக்கொண்டு, மேட்டில் எஞ்சின் ‘டக டக’வென்று தட்டியிருக்கும். நண்பரிடம், “கை நல்ல கைதான். சுற்றிப் பார்த்திருக்கலாம்” என்றார். கூலி மிகக் குறைவாகவே வாங்கினார். மழை வருமுன் நண்பர் பசரணி மலைப்பாதையில் மூன்று முறை ஏறி இறங்கினார், திரும்பும்போதெல்லாம் டிக்கி நிறையப் பாறைகளோடு.

ஆய்வு செய்யும் நண்பர்களிடம் நான் சொல்ல விரும்புவது இங்கேதான் இருக்கிறது. அடியில் ஒரு பல் பிசகியிருக்கும்போது மேலே ஒரு திருகைத் திருப்பி அதை ஈடுகட்ட முடிகிறது. ஈடுகட்டியதும் அறிகுறி மறைகிறது. மறைந்ததைத் தீர்ந்ததாக எடுத்துக்கொள்கிறோம். நம் நிரல்களில் காரணம் எழுதாமல் உட்கார்ந்திருக்கும் திருத்தக் காரணிகளில் எத்தனை இப்படித் திருப்பி வைத்த டிஸ்ட்ரிபியூட்டர்கள்? பின்னொரு நாள் யாரேனும் கருவியைச் சரியாக அளவுதிருத்தம் செய்துவிட்டால், பழைய ஈடு புதிய பிழையாக மாறும். அதை அங்கே வைத்தவர் அதற்குள் பட்டம் வாங்கிப் போயிருப்பார்.

இன்னொன்று. நாம் சான்றாக வைத்திருக்கும் படம் பெரும்பாலும் நின்றிருக்கும் எஞ்சினின் படம். நண்பர் பொய் சொல்லவில்லை. குறிகள் அப்போது நேராகத்தான் இருந்தன. சுமை ஏறியபின் அவை எங்கே நிற்கின்றன என்பதுதான் கேள்வி. அதற்கு நெறியாளரோ மதிப்பீட்டாளரோ வரவேண்டியதில்லை. செய்தவரே, செய்து முடித்த கையோடு, செலவில்லாமல் செய்துகொள்ளக்கூடிய சோதனை அது. புதிய தரவில் ஒருமுறை, வேறொருவர் கணினியில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது நம் துறையில் அந்த இரண்டு சுற்று.

நம்மில் பலர் இதைத் தவிர்ப்பது சோம்பலால் அல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. எந்த வேலையில் நமக்குப் பெருமை அதிகமோ, அந்த வேலையைத்தான் கடைசியாகச் சந்தேகிக்கிறோம். அதுவரை மற்ற எல்லாவற்றையும் காசு கொடுத்து மாற்றிக்கொண்டிருப்போம். எனவே பெல்ட்டைத் தாமே மாற்றும் நண்பர்கள் தாராளமாக மாற்றுங்கள். கை பழகாமல் எந்த அறிவும் முழுமை பெறாது. ஆனால் மூடியை மாட்டும் முன் ஸ்பேனரை எடுத்து, கிராங்கை இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிடுங்கள். ஐந்து நிமிடம் ஆகும்.